ஓரமாகப் போகச் சொல்லாதீர்கள்: நம் அலைச்சறுக்குக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வார இறுதிகளில் சிங்கப்பூரிலிருந்து ஜோகூரின் தேசாருக் கடற்கரைக்கு ஆட்களைத் திரட்டிச் செல்லும் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அதனால் முழுக் கதையும் வேண்டாம். என் அக்கா மகள், 14 வயதுப் பெண், வரிசையில் காத்திருந்து தன் முறை வந்தபோது அலையைப் பிடித்தாள். அலை உடையத் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்தவள் அவள்தான். பாதி வழியில், நின்றபடி ஓட்டும் நீளப் பலகையான லாங்போர்டில் வந்த ஒருவர் அவளுக்கு முன்னால் புகுந்தார். அவள் திரும்ப இடமில்லாமல் நுரைக்குள் விழுந்தாள். அவர் பலகையின் அடியில் நீட்டியிருக்கும் ஃபின் அவள் தோளை உரசிவிட்டு, படுத்தபடி அலையில் போகும் குட்டைப் பலகையான அவளுடைய பாடிபோர்டின் அடிப்பக்கத்தை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்தது.

மன்னிப்பு வரும் என்று நினைத்தோம். “பாடிபோர்டெல்லாம் ஓரமாப் போய் விளையாடணும்” என்றார் அவர். நீங்கள் அவளிடம் வந்து, “அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்றீர்கள்.

அந்த ‘தள்ளி நில்’ என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. தோள் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம் என்ற விதி பாடிபோர்டுக்கும் பொருந்தும் என்று, தண்ணீரில் இறங்கும் முன் எல்லோரிடமும் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

ஒரு அலை போனால் என்ன, அடுத்தது வரும் என்று சிலர் சொல்லக்கூடும். பாலியில் இருப்பவர் அப்படிச் சொல்லலாம், சிங்கப்பூரில் இருப்பவர் சொல்ல முடியாது. மலாயாத் தீபகற்பமும் சுமத்ராவும் ரியாவ் தீவுகளும் நம்மைச் சுற்றி நிற்கின்றன. ஈஸ்ட் கோஸ்ட்டில் கரைக்கு வருவது பெரும்பாலும் கப்பல் கிளப்பிவிட்ட சலசலப்பு. செந்தோசாவில் 2009இல் திறந்த வேவ் ஹவுஸ் என்ற செயற்கை அலைக் கூடத்தில்தான் எங்களில் பலர் முதன்முதலாகப் பலகைமேல் படுத்தோம். அதுவும் இப்போது இல்லை. மிச்சம் இருப்பது தென்சீனக் கடலைப் பார்த்த ஜோகூர்க் கரை. அங்கும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் நம்பிப் போகலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் சனிக்கிழமை மாலைக்குள் வீட்டுப்பாடம் முழுவதையும் முடித்தாள். அதிகாலை மூன்றரைக்கு ஈசூனில் வீவக அடுக்குமாடியின் கீழே நனைந்த துண்டு போட ஒரு பை, பாஸ்போர்ட், பலகை எல்லாம் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். அக்கா பொட்டலம் கட்டிக் கொடுத்த இட்லியைக் காரிலேயே சாப்பிட்டோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. அப்புறம் செனாய்-தேசாரு விரைவுச்சாலை. விடிந்தும் விடியாமலும் கடற்கரையில் நின்றபோது காற்று பலமாக இருந்தது, அலைகள் ஒழுங்கில்லாமல் வந்தன. இரண்டு மணி நேரத்தில் அவளுக்கு நல்ல அலை என்று வாய்த்தது நான்கு. அதில் பெரியது எது என்று உங்களுக்குத் தெரியும். பருவம் முழுவதும் அவளுக்குக் கிடைத்த கடல் நாட்கள் 5. அந்த அலையின் விலை இதுதான்.

கிழிந்த பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் தொங்குகிற தெர்மோகோல் பலகை அல்ல அது. நம் கடல் வெதுவெதுப்பானது, பாலிஎத்திலீன் உள்கட்டை இந்தத் தண்ணீரில் சற்று இளகிவிடும் என்பதால், விறைப்பு குறையாத பாலிப்ரொப்பிலீன் கட்டை உள்ளதாகப் பார்த்து, இரண்டு தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணத்தைச் சேர்த்து அவளே வாங்கினாள். கிழிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பலகை கனக்கத் தொடங்கும். ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பாலத்து நெரிசலில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவள், “மாமா, அது என் அலைதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆனால் அந்த ‘ஆமாம்’ என்னிடமிருந்து வந்து பயனில்லை. உங்களிடமிருந்து வர வேண்டும்.

பாடிபோர்டிங் என்றால் நிற்கத் தெரியாதவர்கள் செய்வது என்ற எண்ணம் நம் குழுவில் ஊறிப்போயிருக்கிறது. படுத்துக்கொண்டு அலையில் போவது ஹவாய்த் தீவுகளில் பைப்போ என்ற பழைய மரப்பலகைக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். இன்று நாம் பிடித்திருக்கும் நுரைப்பலகையை டாம் மோரி 1971இல் அங்கேதான் வெட்டி எடுத்தார். மைக் ஸ்டூவர்ட் பாடிபோர்டில் 9 முறை உலகப் பட்டம் வென்றவர். 2024 ஒலிம்பிக் சர்ஃபிங்கை நாம் எல்லோரும் வாய் பிளந்து பார்த்தோமே, தஹீத்தியின் தியாஹுபோ அலை, அதில் 1980களிலேயே இறங்கிக் காட்டியவர்களில் அவரும் ஒருவர். கையில் பாடிபோர்டுதான் இருந்தது. அவரையும் யாராவது ஓரமாகப் போகச் சொல்லியிருப்பார்களா?

ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டை இங்கே யாரும் விளையாட்டாகவே மதிப்பதில்லை. பள்ளியில் மதிப்பெண் தராது, பதக்கம் தராது, ஆகவே அது பொழுதுபோக்கு. வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம், குழுவிலும் அப்படித்தான் நடத்துகிறோம். சரி, அந்தக் கோபத்தை முழுவதும் உங்கள்மேல் கொட்டுவது நியாயமில்லை.

நியாயமாகப் பார்த்தால் எங்கள் பக்கமும் தவறு உண்டு. காலில் ஃபின் என்ற நீச்சல் துடுப்பு இல்லாமல் ஆழத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பலகையை உடம்போடு பிணைக்கும் லீஷ் கயிற்றைக் கட்டாமல் பலகையைக் கைநழுவ விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரும் பாதையில் நடுவில் மிதந்துகொண்டு நிற்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டியுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் என் அக்கா மகள் ஸ்விம்சேஃபர் நீச்சல் பயிற்சியில் தங்கச் சான்றிதழ் வாங்கியவள். ஃபின் போட்டிருந்தாள், லீஷ் கட்டியிருந்தாள், முறைக்குக் காத்திருந்தாள். விதியை முழுதாகக் கடைப்பிடித்தவளைத் தள்ளி நிற்கச் சொன்னால், விதி தெரியாதவனுக்கு எதைச் சொல்லித் தருவீர்கள்?

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. தேசாரு நம் ஊர் அல்ல. நாம் அங்கே விருந்தாளிகள். உள்ளூர்ப் பையன்கள் பழைய பலகையோடு வந்து, நாம் பத்துப் பதினைந்து பேர் கும்பலாக இறங்குவதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பலகையின் நீளத்தை வைத்து ஆளை மதிக்கப் பழகினால், அந்தப் பழக்கம் நமக்குள் மட்டும் நிற்காது.

2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் பிலிப்பீன்ஸின் ரோஜர் கசுகாய், லீஷ் அறுந்து தத்தளித்த இந்தோனீசியப் போட்டியாளரைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்த சுற்றையே விட்டுவிட்டு நீந்திப் போனார். பிறகு தங்கமும் வென்றார். அவர் ஓட்டியதும் லாங்போர்டுதான். அந்தச் செய்தியை நம் குழுவில் எத்தனை பேர் பெருமையாகப் பகிர்ந்துகொண்டோம்!

இந்த விளையாட்டு இங்கே வளர வேண்டுமென்றால் பாடிபோர்டைவிட எளிய வாசல் கிடையாது. சுமார் 42 அங்குலப் பலகை வீவக வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கும், எம்ஆர்டியில் கையோடு வரும், காரின் மேல் கட்ட வேண்டியதில்லை. முதல் நாளே ஒரு பிள்ளை அலையின் வேகத்தை உடம்பில் உணர்ந்துவிடும். அப்படி வரும் பிள்ளைகளில் சிலர் பின்னாளில் எழுந்து நிற்கவும் செய்வார்கள், உங்கள் குழுவுக்கே வருவார்கள். முதல் நாளே ஓரமாகப் போகச் சொன்னால் வர மாட்டார்கள்.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன். அடுத்த பருவத்தின் முதல் பயணத்தில், மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லோரையும் பத்து நிமிடம் உட்காரவைத்து, முறை விதி எல்லாப் பலகைக்கும் ஒன்றுதான் என்று சொல்லுங்கள். மீறுகிறவரை, எத்தனை வருட அனுபவசாலி ஆனாலும், கரைக்குக் கூப்பிடுங்கள். முடிந்தால் பருவ முடிவில் நடத்தும் நட்புப் போட்டியில் பாடிபோர்டுக்கும் ஒரு சுற்று வையுங்கள். நடுவராக, நேரம் பார்க்க, கொடி பிடிக்க, எதற்கு வேண்டுமானாலும் நான் வருகிறேன்.

அவள் வருவாளா என்று தெரியவில்லை. நவம்பரில் போகலாமா என்று போன வாரம் கேட்டேன். “அவங்களும் வருவாங்களா மாமா?” என்றாள். என்ன பதில் சொல்வது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். தயவுசெய்து நவம்பருக்கு முன் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பல பருவங்களாகக் கடலில் இறங்கிவரும்
ஈசூன் பாடிபோர்டர் ஒருவன்