புரை எடுக்கும் முன் கருவிழியையும் பாருங்கள்

கண்புரை அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். "காலையில் எழுந்ததும் மங்கலாக இருந்து, மதியத்துக்குள் தெளிகிறதா?" புரைக்காக வரும் எல்லோரிடமும் இதைக் கேளுங்கள். புரை அப்படி நேரம் பார்த்து மங்காது. ஆம் என்றால், இரவில் இமை மூடியிருக்கும்போது கருவிழி (கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் படலம்) நீர்கோத்துக்கொள்கிறது, அதை இறைத்து வெளியேற்றும் உள்ளடுக்குச் செல்கள் தளர்ந்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கும் நோயாளிகளுக்காகச் சொல்கிறேன். அந்தச் செல்கள் ஒரே வரிசை. நல்ல கண்ணில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 இருக்கும். செத்தவை திரும்ப முளைப்பதில்லை. பேக்கோ அறுவையில், அதாவது ஒலியலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும்போது, கொஞ்சம் சாகும். புரை கெட்டிப்பட்டிருந்தால் இன்னும் அதிகம். சாதாரணக் கண் தாங்கிக்கொள்ளும். 1910-ல் கண் மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் விவரித்த, இந்தச் செல்கள் மெல்ல மெல்லக் குறைந்துபோகும் நோய் உள்ள கண் சில சமயம் தாங்காது. பிறகு கருவிழி மாற்று அறுவைதான்.

கண் தாங்குமா என்று முன்கூட்டியே கணிக்க, கருவிழியின் தடிமன் 640 மைக்ரானைத் தாண்டுகிறதா என்ற பழைய அளவுகோலை மட்டும் நம்பாதீர்கள். இயல்பில் 500 இருந்தவருக்கு 580 என்பதே வீக்கம். இயல்பிலேயே தடித்த கருவிழிக்கு 620 ஒன்றுமில்லை. வீங்குவதற்கு முந்தைய அளவு பெரும்பாலும் யாரிடமும் இருக்காது. செல் எண்ணும் படமும், குட்டாக்கள் (இந்த நோயில் உள்ளடுக்கில் தோன்றும் சிறு புடைப்புகள்) அடர்ந்த நடுப்பகுதியில் கைவிட்டுவிடும். கருவிழியின் தடிமனையும் வடிவத்தையும் இடம் இடமாகக் காட்டும் டோமோகிராபி வரைபடம் கூடுதலாகச் சொல்லும்: சம தடிமன் கோடுகள் குலைந்திருக்கின்றனவா, மிக மெல்லிய இடம் நகர்ந்திருக்கிறதா, பின்பரப்பு குழிந்திருக்கிறதா? விளக்கு நுண்ணோக்கியில் (ஸ்லிட் லேம்ப்) தெரியாத வீக்கம் இதில் தெரியும்.

சரி, இவை இருந்தாலும் மாற்று அறுவை இல்லாமலே பல வருடம் ஓடும் கண்கள் உண்டு. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். முன்பே தெரிந்தால், புரையை மட்டும் எடுத்துவிட்டுப் பொறுத்திருப்பதா, உள்ளடுக்கை மட்டும் மாற்றும் டிமெக்கையும் ஒரே தடவையில் முடிப்பதா என்று நோயாளி யோசிக்கலாம். லென்ஸ் முடிவும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. டிமெக்குக்குப் பின் பவர் பெரும்பாலும் பிளஸ் (தூரப்பார்வை) பக்கம் சற்று நகரும், அதற்கு இடம்விட்டே லென்ஸைக் கணக்கிட வேண்டும். இந்தக் கண்ணுக்கு, தூரம் கிட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செய்த மல்டிஃபோக்கல் லென்ஸ் விற்பது, என் பார்வையில், நியாயமே இல்லை.

சொல்லாமல் விட்டு, பிறகு "கருவிழி போய்விட்டது" என்றால், அறுவையில்தான் கெடுத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். குறை சொல்ல முடியாது. ஒப்புதல் படிவத்தில் இதற்கு ஒரு வரி சேருங்கள். அப்புறம், அறுவைக்கு முன் எடுத்த தடிமன் அளவையும் வரைபடத்தையும் நோயாளி கையிலேயே கொடுங்கள். அடுத்து பார்க்கும் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

இப்படிக்கு,
ஃபுக்ஸ் நோய் உள்ள ஒருவரின் மகள்