போர்ப்படத்தில் சத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘வந்து பார்’ என்ற சோவியத் போர்ப்படம் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எலெம் கிளிமோவ் 1985 இல் எடுத்த படம். சிறுவன் ஃபிளியோராவின் முகம் சில நாட்களுக்குள் கிழடுதட்டிப் போவதையும், பெலாரூஸில் 628 கிராமங்கள் ஆட்களோடு எரிக்கப்பட்டதாக முடிவில் வரும் எழுத்தையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். சத்தத்தைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்தப் படமே சத்தம்தான்.

காட்டுக்குள் குண்டு விழுந்ததும் பையனின் காது அடைத்துப் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் காதும் அடைக்கிறது. கீயென்று ஒரு இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலை எனக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் எங்கள் வளவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குண்டு விழுந்தபோது நாங்கள் பங்கருக்குள் முழுதாக இறங்கியிருக்கவில்லை. பனங்குற்றி இடுக்கால் மண் கொட்டியது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ கேட்டா. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். அதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லி விளங்கவைக்க முடிந்ததில்லை.

பிறகு பையன் தன் வீட்டுக்கு வருகிறான். ஆட்களைக் காணவில்லை. அடுப்பில் சூப் சூடாறவில்லை, தரையில் பொம்மைகள், ஈக்கள் இரைகின்றன. வெளியே ஓடும்போது கூட வந்த பெண்பிள்ளை கிளாஷா மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். சுவரோரம் குவிந்து கிடக்கும் உடல்களை அவளோடு நாங்களும் ஒரு கணம் காண்கிறோம். பையன் அவற்றைக் காணவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல், யாழ்ப்பாணத்துப் பெரிய இடப்பெயர்வில், உலையை அடுப்பிலேயே விட்டுவிட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்தச் சூப் என்னவென்று தெரியும்.

கிளிமோவ் சிறுவனாக ஸ்ராலின்கிராட்டிலிருந்து வொல்கா ஆற்றைக் கடந்து தப்பியவர். கூட எழுதிய அலெஸ் அடமோவிச் சின்ன வயதிலேயே கெரில்லாக்களோடு காட்டில் இருந்தவர். கேட்ட காதுகள் எடுத்த படம் அது. எங்கள் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களில் ஷெல் விழுந்த மறுகணமே வயலின் தொடங்கிவிடுகிறது. திறமை இல்லாமல் இல்லை. கேட்டவர்களிடம் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் வேவு விமானம் ஒன்று அடிக்கடி மேலே ஊர்ந்து போகும். வன்னியில் இருந்தவர்கள் ஆளில்லா வேவு விமானத்தை ‘வண்டு’ என்பார்களே, அந்த மாதிரி இரைச்சல். நான் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா, திரையைக் காணாமலே, “தம்பி, அதை நிப்பாட்டு” என்றா.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. குண்டு போட வந்த சகடை, பொம்மர், பிறகு வந்த கிபிர் என்ற விமானங்கள் எல்லாம் எப்படி எப்படி இரைந்தன என்று வாயாலேயே செய்து காட்டுவா. படம் எடுக்கும் பிள்ளைகள் யாராவது வந்து பதிவு செய்வதென்றால், பின்னேரங்களில் வீட்டில்தான் இருப்பா.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.