சரையில் பெயரை எழுதுங்கள்

வன்னியின் மருந்துக்கடை முதலாளிமாருக்கும் அங்கே மருந்து எடுத்துத் தரும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம்.

போன காலபோக அறுவடை முடிந்த கையோடு என் அண்ணர் நாரிப்பிடிப்பில் விழுந்தார். வெட்டும் மெஷின் வந்துவிட்டது, ஆனால் நெல்மூட்டை தானாக உழவு இயந்திரத்தில் ஏறுவதில்லையே. சந்தியில் இருந்த கடையில் நாரி நோவுக்கு மருந்து கேட்டார். ஒரு வெள்ளைக் கடதாசிச் சரை, உள்ளே மூன்று வகைக் குளிசை, மேலே "1 × 2, சாப்பாட்டுக்குப் பின்". நோ பறந்துவிட்டது. அதனால் மறுபடியும் போனார். அப்படியே இரண்டு மாதம்.

கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டொக்டர் கேட்ட முதற்கேள்வி, என்ன குளிசை எடுத்தீர்கள் என்பதுதான். அண்ணர் சொன்ன பதில்: ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. நான் வீட்டுக்கு வந்து சாமித்தட்டுக்குப் பின்னால் கிடந்த சரையைத் தேடி எடுத்தேன். கத்தரிக்கோலால் வெட்டிய அட்டைத்துண்டில் பெயரின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்துத்தான் டைக்ளோபினாக் என்று கண்டுபிடித்தார்கள். அண்ணர் ஏற்கெனவே பிரஷருக்கு லொசார்ட்டான் எடுப்பவர். கடையில் அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவருடைய சிறுநீரகத்தை அந்தக் குளிசைதான் கெடுத்தது என்று நான் சொல்லவரவில்லை. டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உண்டாவதைத் தடுக்கின்றன. நோ குறைவதும் அதனால்தான், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைவதும் அதனால்தான். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் வயலில் நிற்பவருக்கு, பிரஷர் குளிசையோடு நீர் போக்கும் குளிசையும் எடுப்பவருக்கு, ஆபத்து இன்னும் கூட. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் இன்றுவரை தீர்மானமாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறது. இந்த மண்ணில் நோவுக் குளிசையைக் கச்சான் போலச் சுருட்டிக் கொடுக்கலாமா?

மாரி தொடங்கினால் டெங்கு வேறு. காய்ச்சலோடு வருபவருக்கு அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபினாக் மூன்றும் இரத்தப்போக்கை வரவழைக்கக்கூடியவை. பனடோல் மட்டும்தான். அந்தப் பனடோலுக்கும் அளவு இருக்கிறது: வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. அதற்கு மேல் போனால் அடிபடுவது ஈரல். தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பனடோலில் இருக்கும் அதே பரசிற்றமோல் ஒளிந்திருப்பது பெயர் தெரியாமல் விழுங்குபவருக்கு எப்படித் தெரியும்? படைக்குப் பூசும் கிறீம்களின் கதையும் இதுதான். பெற்றாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட் மருந்து கலந்ததைப் பூசினால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், படை மெல்லப் பரவும்.

1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. குளிசை அட்டைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கொழும்பு அதைத் திருத்தும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஒவ்வொரு சரையிலும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் தமிழில் எழுதுங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் திகதியும் துண்டாகாமல் வெட்டுங்கள். நோவுக் குளிசை கேட்டு வருபவரிடம் பிரஷர் இருக்கிறதா, சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறீர்களா, காய்ச்சல் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். "ஏன் கேட்கிறாய், குளிசையைத் தா" என்று சிலர் சினப்பார்கள். என் அண்ணரே சினந்திருப்பார். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்ட நேரத்தில் எழுத எங்கே நேரம் என்று ஒரு கடைத் தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதிகம் விற்கும் பத்து மருந்துகளின் பெயருக்கு இறப்பர் முத்திரை செய்து வைத்துக்கொள்ளலாம். முன்பக்கத்தில் கடை விளம்பரம் இடத்தை அடைத்துக்கொண்டால், சரையின் பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது.

இப்படிக்கு,
மல்லாவியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்