கோத்தகிரி நண்பனுக்கு

ஹட்டன்
2026 பெப்ரவரி

மச்சான்,

முழங்கால் எப்படி? ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று தங்கச்சி சொன்னாள். இனிமேல் மேடு ஏறக்கூடாது என்றாராமே டாக்டர். கோத்தகிரியில் இருந்துகொண்டு மேடு ஏறாமல் கடைக்குப் போவது எப்படி என்றும் அவரே சொல்லியிருக்கலாம். இங்கே எல்லோரும் சுகம். புயலில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் சரிந்ததோடு தப்பினோம். குட்டையன் இன்னும் அதே தொப்பியோடுதான் திரிகிறான். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான்.

விசயம் சின்னவளைப் பற்றியது. தாதியர் பயிற்சி முடித்து, ஆங்கிலப் பரீட்சையும் பாஸ் பண்ணி, இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்று போன வருசம் எழுதியிருந்தேன் அல்லவா? சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கூடப் போட்டாயிற்று. பரீட்சைக்கும் ஏஜென்சிக்கும் கட்ட வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. இப்போது அவள் இங்கிலாந்து போகவில்லையாம். பிலிமத்தலாவையில் இறையியல் கல்லூரிக்குப் போகப் போகிறாளாம். போதகராக.

சிரிக்காதே. நீ சிரிப்பாய் என்று தெரியும்.

அந்தக் கல்லூரியை நீ பார்த்திருக்க மாட்டாய். கண்டியிலிருந்து பேராதனை தாண்டிக் கொழும்பு ரோட்டில் இருக்கிறது. 1963-ல் மெதடிஸ்தர், அங்கிலிக்கன், பப்டிஸ்ட் எல்லோரும் சேர்ந்து தொடங்கியது. தமிழிலும் சிங்களத்திலும் படிப்பிக்கிறார்கள். நல்ல இடம்தான். ஊரான் பிள்ளை போகிறான் என்றால் நானே பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புவேன். என் பிள்ளை என்றதும் தூக்கம் போய்விட்டது.

ஒவ்வொரு புது வருசமும் நம் வீடுகளில் தொங்குகிற காலண்டர் வசனம் ஞாபகம் இருக்கிறதா? எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அதைச் சொல்லித்தான் கன்வென்ஷன் பிரசங்கியார் அவள் தலையில் கை வைத்து, தேவன் உனக்கு வெளிநாட்டுக் கதவைத் திறக்கிறார் என்றார். நானும் ஆமென் சொன்னேன், சத்தமாக. தூக்கம் வராத ஒரு ராத்திரி அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். மச்சான், அது பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவன், இரண்டே வருசத்தில் எல்லோரும் ஊர் திரும்பலாம் என்று சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்துப் போடுகிறான். அன்றைக்குக் கன்வென்ஷன் இருந்திருந்தால் அவனைத்தான் வருசா வருசம் கூப்பிட்டிருப்பார்கள். எரேமியா எழுதியது எழுபது வருசம். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் அடைபட்டிருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். இதெல்லாம் சொன்ன பிறகுதான் அந்தப் பதினோராம் வசனம் வருகிறது. காலண்டர்க்காரன் முன்னும் பின்னும் கத்தரித்துவிட்டான்.

நம் மலையகத் தமிழ்ச் சனத்துக்கு அந்த வசனத்தைச் சொல்லித் தரவா வேண்டும்? 1948-ல் பிரஜாவுரிமை போய், மிச்சமிருந்தவர்களுக்கும் சேர்த்துச் சட்டம் வந்தது 2003-ல். அதற்குள் எத்தனை பேர் தோட்டத்து லயத்துக் காம்பராவிலேயே கண்ணை மூடிவிட்டார்கள். ஊரான் தோட்டத்தை நாட்டியது நாம், வீடு மட்டும் கட்டவில்லை. நடுவில் 1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி என்று இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து அங்கே இந்தியாவுக்கு ஐந்தேகால் லட்சம் பேர், இங்கே இலங்கைக்கு மூன்று லட்சம் பேர் என்று பங்கு பிரித்தார்கள். 1982-ல் நீ ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறும்போது உன் அப்பா ‘எல்லாம் தேவ சித்தம்’ என்றார். நீ உடனே ‘இல்லப்பா, சாஸ்திரி சித்தம்’ என்று சொல்லி அறை வாங்கினாய். நாற்பது வருசமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். இப்போது யோசித்தால் அதில் சிரிக்க அவ்வளவு இல்லை. ஆட்சி செய்கிறவன் போட்ட திட்டத்தையெல்லாம் தூக்கிக் கர்த்தர் தலையில் வைக்க முடியாது. ஆனால் அந்தத் திட்டம் உன்னைக் கொண்டுபோய்த் தள்ளிய இடத்தில் அவர் உன்னை விட்டுவிடவில்லை என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதம் இன்னும் பெட்டியில் இருக்கிறது.

சரி, சின்னவளுக்கு வருகிறேன். ஏன் இப்படி என்று கேட்டேன். தரிசனம் கண்டாயா, சத்தம் கேட்டாயா என்றேன். ஒன்றும் இல்லை என்றாள். நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை சரிந்தபோது, நம் சபை மண்டபத்தில் தோட்டத்து மேல் டிவிஷன் ஆட்களைத் தங்க வைத்தோம். இவள் அங்கேதான் இருந்தாள், காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பால்மா கரைத்துக்கொண்டு. வீட்டையும் மாமியாரையும் மண்ணுக்குக் கொடுத்த ஒரு பெண் இவளிடம், ‘இதுவும் உங்க சாமி போட்ட திட்டமா மிஸ்?’ என்று கேட்டாளாம். கோபமாகக் கூட இல்லையாம். இவளுக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற நம்ம சபை ஆள் ஒருவர் ஆமாம், எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டாராம். ‘அந்தப் பதிலை இன்னொரு தடவை யாரும் அந்தப் பொம்பளைக்குச் சொல்லக்கூடாதுப்பா. அதுக்காகத்தான் படிக்கணும்’ என்கிறாள்.

இதற்கு நான் என்ன சொல்ல?

சொன்னேன், சும்மா இருப்பேனா. இங்கிலாந்தில் நோயாளி இல்லையா, அங்கே கர்த்தர் இல்லையா, சம்பாதித்து அனுப்பினால் அதே மேல் டிவிஷனுக்குப் பத்து வீடு கட்டலாமே என்றேன். அவள் வாதாடவில்லை. போகிறவர்களைக் குறை சொல்லவில்லை என்றாள். பிறகு மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டினாள். லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்தவன் கதை நமக்கு ஞாயிறு பாடசாலையிலேயே மனப்பாடம். பன்றிக் கூட்டம் கடலில் விழுகிற இடத்தில் நீ உறுமுவாயே. அதில் நான் கவனிக்காத ஒன்றைக் காட்டினாள். பிசாசுகள் பன்றிக்குள் போக வேண்டிக்கொண்டன, இயேசு விட்டார். ஊரார் எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று வேண்டிக்கொண்டார்கள், போனார். சுகமானவன் ஒருவன்தான் உம்மோடுகூட வருகிறேன் என்று நல்ல காரியத்தைக் கேட்டான். அதற்கு மட்டும் முடியாது என்றார். உன் வீட்டுக்குப் போ, உன் சனத்திடம் சொல் என்றார். படகேறத் தயாராக நின்றவன் திரும்பி, தன்னைச் சங்கிலியால் கட்டிப்போட்ட அதே ஊர்க்காரர்களிடம் நடந்தான்.

கீழ்ப்படிதல் என்றால் நான் ஆபிரகாமையே நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கட்டு, தெரியாத தேசத்துக்குப் புறப்படு. நம் சபையில் அது சீக்கிரமே விசா சாட்சியாகிவிட்டது. இரு என்று ஒருவனுக்குச் சொல்லப்பட்டதை யாரும் மேடையேறிச் சாட்சி சொன்னதில்லை. காணிக்கையும் விழாது.

அப்புறம் அவள் சொல்வதெல்லாம் தேவ சித்தம் என்று நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. இருபத்தாறு வயசுப் பிள்ளை, துக்கத்தைப் பார்த்து மனசு உருகியிருக்கிறது. ஆறு மாசத்தில் ஆறிவிட்டால்? போதகர் ஐயாவிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், அவசரப்படமாட்டார். ‘அவளுக்கு அழைப்பு உண்டா இல்லையா என்று அவளும் நீங்களும் மட்டும் தீர்மானிக்க முடியாது. முதலில் பிரசங்கம் பண்ணட்டும், சபை பார்க்கும், சுற்றுச் சபைகள் சேர்ந்த சேகரம் பார்க்கும், திருச்சபையின் பேரவையான சினொட் பார்க்கும்’ என்றார். எனக்கு அது பிடித்தது. வேதப் புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைக்கிற கூட்டத்துக்கு நடுவில், நாலு பேர் நிதானமாகப் பார்ப்பது எவ்வளவோ மேல். போன ஞாயிறு முதல் பிரசங்கம் பண்ணினாள். நீளம். குட்டையன் தூங்கிவிட்டான். ஆனால் மேல் டிவிஷனிலிருந்து ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அதில் அந்தப் பெண் இல்லை.

வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சங்கிலியைப் பற்றிக் கேட்டதற்கு, ‘1854-ல் திருநெல்வேலியிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு உபதேசிமார் வந்தாங்களே, அவங்க அம்மாமாரு கழுத்துல என்ன இருந்துச்சாம்?’ என்றாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவன் நான். எனக்கே பாடம் எடுக்கிறாள்.

என் பயம் என்ன தெரியுமா? பணம் மட்டும் இல்லை. பெண் போதகர் என்றால் நம் தோட்டத்துச் சனம் முகத்துக்கு முன்னால் ஐயாம்மா என்று கும்பிடும், பின்னால் கலியாணம் ஆகாததைப் பேசும். மாப்பிள்ளை தேடினால் இரண்டு கேள்விக்கு மேல் போகாது. எங்கேயோ ஒரு ஒற்றைச் சபையில் மழையும் அட்டையுமாக இவள் தனியே இருக்க, நாங்கள் இங்கே இருப்போம். இதையெல்லாம் ஜெபத்தில் சொல்லியாயிற்று. பதில் ஒன்றும் வரவில்லை. ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்ற வரியை மட்டும் இப்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

எனக்கு உன்னிடமிருந்து இரண்டு காரியம் வேண்டும். உன் மச்சினர் அங்கே சபையில் போதகராக இருக்கிறாரே, அவர் சம்பளத்தில் வீட்டை எப்படி ஓட்டுகிறார், பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்தார் என்று மறைக்காமல் கேட்டு எழுது. சபைக்காரர் போல எழுதாதே, கணக்குப்பிள்ளை மகன் மாதிரி எழுது. இரண்டாவது, சின்னவள் உனக்குப் போன் பண்ணுவாள். மாமா என்ன சொல்கிறார் பார்ப்போம் என்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததாக ஒன்றும் சொல்லிவிடாதே. உனக்குத் தோன்றுவதைச் சொல்லு, எனக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்கு மார்ச் முடிவுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அதற்குள் எழுது.

உன்,
பிரம்படி

பி.கு: தங்கச்சியிடம் சொல், கேட்ட தேயிலைத்தூள் வாங்கி வைத்திருக்கிறேன். கொண்டுவர ஆள்தான் கிடைக்கவில்லை. கோத்தகிரிக்குத் தேயிலை அனுப்புகிற முட்டாள் என்று குட்டையன் சிரிக்கிறான்.