ஆடாத கைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சென்னையில் ஆர்மா 3 என்ற ராணுவக் கணினி ஆட்டத்துக்கு மாட் (ஆட்டத்தை மாற்றி அமைக்கும் தொகுப்பு) செய்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாடின் அடுத்த பதிப்பில் நடையையும் துப்பாக்கியைக் கையாளும் விதத்தையும் அடியோடு மாற்றப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதை வைத்து உங்களுக்குள் இரண்டு கட்சி உண்டாகியிருப்பதும் தெரியும். துப்பாக்கி முனை அலைகிற ஸ்வேயைக் கூட்டு, உடல் தாங்குகிற ஸ்டாமினாவைக் குறை, ஐம்பதடி ஓடினாலே மூச்சு வாங்கணும், அப்போதுதான் நிஜம் மாதிரி இருக்கும் என்பது ஒரு கட்சி. வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு ஆட உட்காருகிறவரை இப்படி வதைத்தால் யார் வருவார்கள் என்பது இன்னொரு கட்சி. நான் நிஜத்தின் பக்கம் நிற்கிறவன். திரை நடுவே குறி காட்டும் கிராஸ்ஹேர் இல்லாத ஆட்டம்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு குண்டில் செத்துப்போகிற ஆட்டத்தில்தான் என் மனம் ஒன்றும். அந்த உரிமையில் முதல் கட்சியிடம்தான் பேச வந்திருக்கிறேன். நீங்கள் போகிற வழி நிஜத்துக்குப் போகவில்லை.

உங்கள் சோதனைப் பதிப்பை ஆடிப் பார்த்தேன். நின்றபடி குறி பார்த்தால் துப்பாக்கி முனை எட்டு போட்டு அலைகிறது. படுத்தாலும் அலைகிறது, கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான். ஓடி வந்து நின்றாலோ, குறியில் இருந்த ஆள் ஸ்கோப்பை விட்டே வெளியே போய்விடுகிறார். இந்த எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள்? கஷ்டமாக இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு அடிப்படை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் மனித உடல் துப்பாக்கியை எவ்வளவு நிலையாகப் பிடிக்கும் என்பதற்கான அளவுகள் ரகசியமானவை அல்ல. விளையாட்டுப் போட்டிகளின் விதிகளிலேயே கிடக்கின்றன.

10 மீட்டர் ஏர் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய பிரிவு அது. நின்றபடி சுட வேண்டும். துப்பாக்கி ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் குண்டு அந்தப் புள்ளியைத் தொட்டால் போதும் என்றாலும், அங்கிருந்து நூறு மீட்டருக்குக் கணக்குப் போட்டால் குறியின் நடுவிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குள் நிற்கிறது அந்தக் கை. விறைப்பான கோட்டு, ஓட்டமில்லாத அமைதி, வேண்டிய நேரம் எல்லாம் அவர்களுக்கு உண்டு என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் பையத்லானைப் பாருங்கள். பனியில் சறுக்கி, இதயம் படபடக்க வந்து நிற்கிறார்கள். 50 மீட்டர் தூரத்தில் ஐந்து இலக்குகள். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115. இந்த இரண்டு எண்களையும் கவனியுங்கள். படுப்பதற்கும் நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் வைப்பது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்விக்கு, ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று ஒரு விளையாட்டு பல வருடமாகப் பதில் வைத்திருக்கிறது. மூச்சு வாங்க வாங்க நின்று சுடுகிற கை, 50 மீட்டரில் ஒரு சின்னத் தட்டு அளவுக்குள் நிற்கிறது. உங்கள் மாடில் அதே தூரத்தில் ஒரு ஆளின் தோளிலிருந்து தோள் வரை முனை அலைகிறது.

நான் இங்கே கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைபிளில்தான் சுடக் கற்றேன். படுத்த நிலை, குறுகிய தூரம், அட்டை இலக்கு. பயிற்சி தந்த உஸ்தாத் முதலில் சொல்லிக்கொடுத்தது சுடுவதை அல்ல, கிடப்பதை. இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே வரணும், எடையைத் தசை தாங்கக் கூடாது, எலும்பு தாங்கணும் என்பார். அப்புறம் மூச்சு. காற்றை வெளியே விட்டுவிட்டு அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன்னால் உடலில் தானாகவே ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் விசையை அழுத்தணும். முதல் முறை துப்பாக்கி தொட்ட பையன்கள்கூட இதை ஒழுங்காகச் செய்தால் ஐந்து குண்டும் கையகலத்துக்குள் விழும்.

பெரும்பாலான ஆட்டங்களில் என்ன நடக்கிறது? ஷிஃப்ட்டைப் பிடித்தால் மூச்சு நிற்கும், சில விநாடி முனை உறையும், பிறகு தண்டனை மாதிரி இரண்டு மடங்கு ஆடும். நிஜத்தில் அந்த இடைவெளி ஒவ்வொரு மூச்சிலும் திரும்பத் திரும்ப இலவசமாக வருகிறது. நீட்டிப் பிடித்தால் எட்டுப் பத்து விநாடிக்குள் பார்வை மங்கத் தொடங்கும் என்பதும் உண்மைதான். ஆகவே உங்கள் ஸ்வேயை ஒரு தாளமாக மாற்றுங்கள். மூச்சோடு மேலும் கீழும் ஏறி இறங்கட்டும், கீழே வந்து ஒரு கணம் நிற்கட்டும், மூச்சுச் சத்தம் காதில் கேட்கட்டும். ஆட்டக்காரர் அந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்டு சுடுவார். ஓடி வந்தால் தாளம் வேகமாகும், நிற்கிற கணம் சுருங்கும். கஷ்டம் அங்கேயே வந்துவிடுகிறது, அதுவும் பழகினால் வெல்லக்கூடிய கஷ்டமாக. குருட்டாம்போக்கில் எட்டு போடுகிற முனையை எத்தனை வருடம் ஆடினாலும் யாரும் கற்க முடியாது.

சுட்டதும் துப்பாக்கி உதைக்கிற ரீகாயிலிலும் இதே கோளாறு. 5.56 தோட்டாவின் உதையையும் 7.62 நேட்டோ தோட்டாவின் உதையையும் குண்டின் எடை, வேகம், துப்பாக்கியின் எடை வைத்துக் கணக்கிட்டால், பின்னதன் உதை ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல் வரும். உங்கள் மாடில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உதைக்கின்றன. அதைவிடப் பெரிய குறை, சுட்ட பிறகு முனை மேலே ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. தோளில் ஒழுங்காகப் பதித்திருந்தால் துப்பாக்கி மேலே போய்த் தானாகவே பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். பிடி சரியில்லாதவருக்குத்தான் அது வேறெங்கோ போகும். உங்கள் ஆட்டத்துச் சிப்பாய் பயிற்சி பெற்றவர்தானே? அவர் கற்றதை மவுஸ் பிடித்திருப்பவர் தன் மணிக்கட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், நீங்கள் புதிதாகச் சேர்த்திருக்கும் தலையாட்டம். ஓடும்போது கேமரா குதிக்கிறது. நிஜமாக ஓடுகிற யாருக்கும் உலகம் அப்படிக் குதிப்பதில்லை. தலை அசையும்போது உட்காதின் சமநிலை உறுப்பு அதை உணர்ந்து அந்தக் கணமே கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது, அதனால்தான் ஓடிக்கொண்டே பஸ்ஸின் நம்பரைப் படிக்கிறோம். நீங்கள் காட்டுவது தலையில் கட்டிய கேமரா பார்ப்பதை, மனிதக் கண் பார்ப்பதை அல்ல. அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடலுக்கு முன்னால் திரை மட்டும் குதித்தால் பலருக்குக் குமட்டும். என் நண்பர்களில் ஒருவர் அரை மணி நேரத்தில் ஆட்டத்தை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நிஜமும் இல்லாமல் ஆடவும் விடாமல் இருக்கிற ஒன்றை எதற்காக வைத்திருக்க வேண்டும்? அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இனி கால். 1999-இல் ஹாஃப்-லைஃப் ஆட்டத்துக்கு மாடாக வந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் கத்தி பிடித்து ஓடும் வேகம் விநாடிக்கு 250 யூனிட். ஒரு யூனிட்டை ஓர் அங்குலம் என்று கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் வரும். முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் பக்கவாட்டிலும் அதே வேகம். அது அந்த ஆட்டத்துக்குச் சரி, அதன் அழகே அதில்தான். ஆர்மாவுக்கு அது வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதும் சரி. ஆனால் அதற்கு மருந்தாக, கீபோர்டில் நடை விசையை விட்ட பிறகும் உடல் இரண்டடி சறுக்கிப் போகிற மாதிரி வைத்திருக்கிறீர்கள். நிற்க வேண்டும் என்று மனது முடிவு செய்த கணத்திலிருந்தே கால் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். விசையை விடுவது அந்த முடிவின் கடைசிக் கட்டம். அதற்குப் பிறகும் சறுக்கினால் ஈரத் தரையில் நிற்பது போலத்தான் இருக்கிறது. போதாததற்கு, இங்கிருந்து சிங்கப்பூர் சர்வருக்குப் போய் வரவே, கடலடி ஃபைபரில் ஒளி ஓடுகிற வேகத்தை வைத்துப் பார்த்தால், குறைந்தது 30 மில்லிவிநாடி ஆகும். நிஜத்தில் இல்லாத அந்தத் தாமதத்தின் மேல் நீங்கள் இன்னொன்றையும் ஏற்றுகிறீர்கள்.

எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் ஆட்டத்தில் 2021 டிசம்பரில் இனர்ஷியா, அதாவது உடல் சட்டென்று திசை மாறாதபடி ஒரு தயக்கம், கொண்டுவந்தார்கள். அதற்கு முன் சுவரோரம் நின்று ஏ, டி விசைகளை மாறி மாறித் தட்டி இடமும் வலமும் துடிப்பது ஒரு வித்தையாகவே இருந்தது. மனித இடுப்பு செய்ய முடியாத அந்த ஒன்றைக் குறிவைத்து மருந்து கொடுத்தார்கள். நீங்களும் அப்படி ஒன்றைக் குறிவையுங்கள். திடீரென்று எதிர்த்திசைக்குத் திரும்புவதற்கு விலை இருக்கட்டும், சாதாரணமாக நடந்து நிற்பதற்கு வேண்டாம்.

சிலம்பம் சொல்லிக்கொடுக்கிற ஆசான்கள் முதலில் காலடிதான் கற்பிப்பார்கள். கம்பு வேகமாகச் சுற்றுவதே கால் எங்கே விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. உங்கள் மாடில் காலுக்கு ஒருவர், கைக்கு ஒருவர் என்று தனித்தனியாக எழுதியிருப்பது ஆடும்போதே தெரிகிறது. இடது காலை முன்வைத்து நிற்கிறவருக்கும், கால் மாறி நிற்கிறவருக்கும் துப்பாக்கி ஒரே மாதிரி எழுகிறது. ஓட்டத்திலிருந்து குறிக்கு வருகிற நேரத்தைக் காலடியோடு இணைத்துப் பாருங்கள், மற்ற பல எண்களைக் குறைத்துவிடலாம்.

ஸ்டாமினாவில் உங்களுக்கு ஆசை அதிகம் என்றால் தரையைப் பாருங்கள். உங்கள் கடற்கரை மேப்பில் தார்ச் சாலையிலும் மணலிலும் ஒரே களைப்பு. மெரினாவில் ஒரு காலை சர்வீஸ் ரோட்டிலும் அப்புறம் மணலிலும் ஓடிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் கெண்டைக்காலில் தெரியும். அளந்தும் சொல்லியிருக்கிறார்கள்: மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல், நடப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். இதைச் சேர்த்தால் களைப்பு என்பது ஒரு முடிவாக மாறும். மணல் வழியாகச் சுற்றிப் போவதா, சாலையில் எதிரியின் கண்ணில் பட்டே போவதா என்று நாலு பேர் நின்று யோசிப்பார்கள். எல்லாத் தரையிலும் ஐம்பதடியில் மூச்சு வாங்கினால் யோசிக்க ஒன்றும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

உடல் அறிந்ததைத் திரையில் எப்படித் தருவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ரெட் ஆர்கெஸ்ட்ரா என்ற ஆட்டம். அதுவும் அன்ரியல் டோர்னமென்ட் 2004-க்கு மாடாக வந்ததுதான். எத்தனை குண்டு மிச்சம் என்ற எண் அதில் இல்லை. ரீலோடு செய்யும்போது மேகசின் கனமாக இருக்கிறது, லேசாக இருக்கிறது என்று மட்டும் சொல்லும். கை உணர்வதைத் திரையால் தர முடியாது, ஆகவே ஒரு வார்த்தையில் தந்தார்கள். எண்ணை மட்டும் எடுத்துவிட்டு அங்கேயே நிறுத்தியிருந்தால் அது வெறும் இருட்டடிப்பாகியிருக்கும். நீங்கள் எண்ணை எடுத்திருக்கிறீர்கள், கனத்தைத் தரவில்லை.

இரண்டாம் கட்சிக்கும் ஒன்று. 2023 செப்டம்பரில் ஸ்குவாட் என்ற ஆட்டம் தன் காலாட்படை மாற்றங்களைக் கொண்டுவந்தபோது பெரிய எதிர்ப்பு வந்தது, பலர் அதனால்தான் ஆட்டம் பிழைத்தது என்றும் சொன்னார்கள். வேகமான கையை வைத்துத் தனியாளாக ஜெயிப்பதைக் குறைத்து, குழுவாக நகர வைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன், நீங்களும் மதிக்க வேண்டும். மெதுவாக ஆடுவதில் ஒரு ருசி இருக்கிறது. அது எல்லாருக்கும் வேண்டாம் என்றால் சர்வர் நடத்துகிறவர் முடிவு செய்யட்டும். ஆர்மா 3-க்கான ஏசிஇ 3 மாடில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி செட்டிங்காக இருப்பதால்தான் இத்தனை வகையான குழுக்கள் அதை வைத்து ஆடுகின்றன. உங்கள் எண்களும் அப்படி வெளியே தெரிகிற செட்டிங்காக இருக்கட்டும், புரோகிராம் கோடுக்குள் புதைந்திருக்க வேண்டாம்.

வேண்டுகோள் இதுதான். முழுப் பதிப்பை வெளியிடும் முன்னால் ஸ்வே எண்களை மட்டும் மாற்றி ஒரு சோதனைப் பதிப்பு விடுங்கள். படுத்த நிலை, மண்டியிட்ட நிலை, நின்ற நிலை, எதன் மேலாவது சாய்த்த நிலை என்று தனித்தனி எண். படுப்பதற்கும் நிற்பதற்கும் பையத்லானின் அந்த இரண்டரை மடங்கிலிருந்து தொடங்குங்கள். நானும் என்னோடு ஆடுகிறவர்களும் ஒவ்வொரு நிலையிலும், ஓடி வந்தும் ஓடாமலும், 100 மீட்டர் பலகையில் பத்துப் பத்துக் குண்டு சுட்டுச் சிதறலை அளந்து படத்தோடு அனுப்புகிறோம். ரேஞ்சில் பயிற்சி எடுக்கும் இரண்டு பேர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள், அவர்களுடைய நிஜ அட்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தருவார்கள். பதிப்பு எப்போது வருகிறது என்று சொல்லுங்கள், அந்த வாரமே தொடங்கிவிடுகிறோம்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஓர் ஆர்மா ஆட்டக்காரன்