பொட்டைக் குட்டி என்றால் சாக்குதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெருநாய்த் தொல்லை பற்றி வாசகர் கடிதம் பகுதியில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஒருவர் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார், இன்னொருவர் வாயில்லா ஜீவன் பாவம் என்கிறார். உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டு, அதே மாதம் 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. சரி, அது பெரிய இடத்து விவகாரம். இந்த நாய்கள் தெருவுக்கு எங்கிருந்து வருகின்றன என்று யாரும் கேட்கக் காணோம். பாலக்கோட்டில் இருந்து பார்த்தால் நிறைய நம் வீடுகளில் இருந்துதான் வருகின்றன.

எங்கள் பக்கம் நாய் குட்டி போட்டால் முதல் வேலை தூக்கிப் பார்ப்பது. கடுவன் என்றால் பால்காரர், லாரி டிரைவர், தோட்டத்துக்காரர் என்று கண் திறக்கும் முன்னாலேயே ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள். பொட்டை என்றால் ஒரு மாதம் தாயோடு கிடக்கும், அப்புறம் ஒரு நாள் இருட்டியதும் சாக்கில் போட்டுக்கொண்டு போய் தக்காளி மண்டிப் பக்கமோ சந்தைத் திடலிலோ ரோட்டோர ஓட்டலுக்குப் பின்னாலோ விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். சோறு கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று மனசுக்கு ஒரு சமாதானம். வண்டியில் அடிபட்டுச் சாவது போக, பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து ரத்தமாகக் கழிந்து சாவது போக, தப்பிக்கிற ஒன்றிரண்டு ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். சேர்ந்தால் இரண்டு மாதத்தில் நாலைந்து குட்டி, ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து மறுபடியும் பருவம். நாய் பெருகிப்போச்சு என்று மனு எழுதி கையெழுத்து வாங்க வருகிற கூட்டத்தில் சாக்கு கட்டிய கையும் இருக்கும்.

எங்கள் ரோசி அப்படி யாரும் எடுக்காமல் மிஞ்சிய குட்டிதான். (பொட்டைக்கு ரோசி, கடுவனுக்கு மணி, இதை விட்டால் எங்கள் தெருவில் வேறு பெயர் தெரியாது.) தாய் ஒரு மாந்தோப்பு பங்களா லாப்ரடார், தகப்பன் வேலி தாண்டி வந்த ஏதோ ஒன்று. உடம்பு லாப்ரடார் மாதிரி, கால் மட்டும் குட்டை, ஒரு காது நிற்கும், ஒன்று மடியும். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது அம்மா, "பொட்டை வேண்டாம்டா, வாசல் பூரா நாய் வந்து நிக்கும், மானம் போயிரும்" என்றார். அம்மா சொன்னபடியே ஆனது. முதல் தடவை பருவத்துக்கு வந்தபோது ஏறக்குறைய மூன்று வாரம், எந்தெந்தத் தெரு நாயெல்லாமோ எங்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ராத்திரி முழுக்க ஊளை.

அது ஓய்ந்து இரண்டு மூன்று மாதம் விட்டு ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனோம். வெறும் வயிற்றோடு போனவள் சாயங்காலம் தள்ளாடித் தள்ளாடி வந்து ஆட்டோவில் ஏறினாள். தையலை நக்காமல் இருக்க, பழைய பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை அறுத்து ஓரத்துக்குத் துணி சுற்றி கழுத்தில் மாட்டிவிட்டோம், அதை வைத்துக்கொண்டு ஒரு நிலைப்படி பாக்கி இல்லாமல் முட்டினாள். பத்து நாள் வாக்கில் தையல் பிரித்தார்கள். அவ்வளவுதான் விஷயம். கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது வயதான பொட்டை நாய்களைக் கொல்கிற வியாதி, அதுவும் இனி வராது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்தால் சோம்பேறி ஆகிவிடும், காவல் காக்காது என்று பயமுறுத்தியவர்கள் நிலக்கடலைக் காட்டுக்குப் பன்றி வந்த ராத்திரிகளில் அவள் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் சதை போடும், அது உண்மை. சோற்றைக் குறைத்தால் சரியாகிவிடும், குறைக்கத்தான் அம்மாவுக்கு மனசு வராது. பொட்டை வேண்டாம் என்ற அதே அம்மாதான் களியில் மோர் ஊற்றிக் கரைத்து வைப்பதும், மழைக்காலத்தில் காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவதும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன ஜாதிங்க?" கிராஸ் என்றால் முகம் சுருங்கிவிடும். நடுகல்லுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் நாய்க்கு ஜாதி கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் வைத்த கல் இருக்கிறது, 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கச் சண்டை போட்டு இறந்த வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று பெயர் போட்டு, கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன ஜாதி என்று எழுதவில்லை. பெயரைப் பார்த்தால் அதுவும் கடுவன்தான் போலிருக்கிறது!

ரோசிக்கு இப்போது கண் மங்கிவிட்டது, பைக் சத்தம் கேட்டு எழுந்திருக்கவும் நேரமாகிறது. வருஷம் தவறாமல் வெறிநாய்த் தடுப்பூசி போடுகிறோம். தெருவில் ஒரு குட்டியும் அவள் கணக்கில் இல்லை.

2023-ஆம் ஆண்டு விலங்கு கருத்தடை விதிகளின்படி வீட்டு நாய்க்கு ஊசியும் கருத்தடையும் வளர்ப்பவர் பொறுப்பு. நியாயம்தான். ஆனால் கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, ஆட்டோ பிடித்து நாயை ஏற்றிக்கொண்டு போனால், இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவாரா? சாக்குதான் சுலபம். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினத்துக்கு இலவச ஊசி முகாம் போடுவது போல, தாலுகாவுக்கு மாதம் ஒரு நாள் வீட்டுப் பொட்டை நாய்களுக்கு மட்டும் ஆபரேஷன் என்று கால்நடைத் துறை தேதி குறித்தால் போதும். அந்தத் தேதியை மாவட்டச் செய்திப் பக்கத்தில், மண்டி விலை போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நீங்கள் போடுங்கள், எல்லோர் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.