யோபின் கேள்வியையும் சேர்த்துப் படிப்போம்

ஆசிரியருக்கு,

வேதாகமக் கவிதைகளில் துன்மார்க்கரின் முடிவு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். துன்மார்க்கரைக் காற்றில் பறக்கும் பதராகக் காட்டும் முதல் சங்கீதத்தோடு, அதாவது வேதாகமத் துதிப்பாடல்களில் முதலாவதோடு, அது நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம். கெட்டவன் அழிவான் என்று வேதாகமம் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஆசாப் என்ற பாடகரின் பெயரில் உள்ள 73ஆம் சங்கீதத்தையே பாருங்கள். துன்மார்க்கரைக் கண்டு பொறாமைப்பட்டேன், என் கால் சறுக்கப் பார்த்தது என்று அவர் வாய்விட்டுச் சொல்கிறார். அவர்கள் கொழுத்திருக்கிறார்கள், பெருமை அவர்கள் கழுத்தில் சங்கிலியாகக் கிடக்கிறது, நானோ தினமும் அடிபடுகிறேன். கையைச் சுத்தமாக வைத்திருந்து என்ன பயன் என்று கேட்கிறார். ஆலயத்துக்குள் போன பிறகுதான் அவர்களுடைய முடிவு அவருக்கு விளங்குகிறது. 28 வசனங்களில் பாதிக்கு மேல் இந்தத் தவிப்புதான்!

நல்லவனாக வாழ்ந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவிக்கும் யோபு பேசுகிற யோபு புத்தகத்தின் 21ஆம் அதிகாரம் இன்னும் கடுமை. கெட்டவர்கள் நன்றாக வாழ்ந்து மூப்படைகிறார்கள், அவர்களுடைய பசு சினை கலையாமல் ஈனுகிறது, பிள்ளைகள் குதித்து ஆடுகிறார்கள். யோபின் நண்பர்களோ, தப்பு செய்யாமலா உனக்கு இந்தக் கஷ்டம் என்று விடாமல் வாதாடுகிறார்கள். 42ஆம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் மூள்வது அந்த நண்பர்கள்மேல்தான்.

இழவு வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்து, 'பாவத்தின் பலன்' என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்கள் மனம் என்ன பாடுபடும்! அவர்களுக்காகவாவது யோபைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை